டர்பனில் சின்ன உணவகம்: வந்தவரை மறுபடி வரவைப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போடலாம் என்று தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள் யோசிக்கும்போது, முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "இன்ஸ்டாகிராமில் எப்படி ஆட்களைச் சேர்ப்பது?" கேட்பதில் தப்பில்லை. ஆனால் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எட்டு மேசை போட்டிருக்கும் கடைக்கு, கேப் டவுனில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் லைக் போட்டு என்ன ஆகப்போகிறது? உங்களுக்கு வேண்டியது கடையைச் சுற்றி இருபது நிமிடக் கார் தூரத்தில் இருக்கும் சில நூறு குடும்பங்கள். அவர்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்தாலே வாடகையும் சம்பளமும் கட்டிவிடலாம்.

அதனால் போனை முதலில் பதில் சொல்வதற்கும், வந்தவரை நினைவு வைத்துக்கொள்வதற்கும் பழக்குங்கள். விளம்பரம் அதற்கப்புறம் வரட்டும். எந்த வரிசையில் செய்யலாம் என்று சொல்கிறேன்.

1. யார் வருவார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1860 நவம்பர் 16-ம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக அதிலும், அதற்குப் பிறகு வந்த கப்பல்களிலும் வந்தவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறைதான் உங்கள் கடைக்கு வரப்போகிறது. பிள்ளே, நாயுடு, கவெண்டர், மூட்லி என்று குடும்பப் பெயர் இருக்கும். வீட்டில் பேசுவது ஆங்கிலம். தாத்தா, ஆயா என்ற சொற்கள் அப்படியே இருக்கும், முருகனுக்குக் காவடி எடுப்பார்கள், ஆனால் நீங்கள் தமிழில் நாலு வாக்கியம் பேசினால் சிரித்துவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுவார்கள். இதைக் குறையாக எண்ணி யாருக்கும் பாடம் எடுக்காதீர்கள். வாடிக்கையை இழக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

சாப்பாடும் அப்படித்தான். டர்பன் கறி செக்கச் செவேலென்று காரமாக இருக்கும், மட்டனோடு உருளைக்கிழங்கு வெந்து குழம்பை உறிஞ்சியிருக்கும். பிரியாணியில் மசூர் பருப்பு போடுவார்கள். "இது பிரியாணியே இல்லை" என்று நம் ஆள் ஒருவர் கல்லாவில் நின்று சொன்னால் எதிரே நிற்பவருக்கு எப்படி இருக்கும்? அது அவர் ஆயாவின் சமையல். இட்லி, தோசை, செட்டிநாட்டுக் கோழி எல்லாம் போடுங்கள், அதுதான் உங்கள் தனித்தன்மை. கூடவே பீன்ஸ் கறியும் ரொட்டியும், ஒரு நல்ல பன்னி சாவும் (bunny chow) இருக்கட்டும். பன்னி சா என்பது கால் பகுதி பிரெட்டின் நடுவைக் குடைந்து, கறியை ஊற்றி, குடைந்த துண்டை மேலே வைத்து, துருவிய கேரட்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் பக்கத்தில் தருவது. இங்கே "குவாட்டர் மட்டன்" என்று கேட்டால் அதுதான். கையால்தான் சாப்பிடுவார்கள், முள்கரண்டியை நீட்டாதீர்கள்.

இரண்டு கேள்விகள் தினமும் வரும். "சமையலறையில் மாட்டிறைச்சி உண்டா?" என்று இந்துக் குடும்பங்கள் கேட்கும். "ஹலாலா?" என்று முஸ்லிம் குடும்பங்கள் கேட்கும். இரண்டுக்கும் பதிலைப் பலகையிலும், வாட்ஸாப்பிலும், கூகுளிலும் ஒரே மாதிரி எழுதி வையுங்கள். ஹலால் இறைச்சி வாங்குவது வேறு, கடைக்கே ஹலால் சான்றிதழ் இருப்பது வேறு. சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதி மாட்டிவிட்டால், ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

ஜூலு மக்களும் வருவார்கள், குறிப்பாக மதியத்தில். "சவுபோனா" என்று வரவேற்று "ங்கியபோங்கா" என்று நன்றி சொல்ல உங்கள் சமையல்காரரே கற்றுத்தருவார்.

2. காகிதங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். உணவு தயாரிக்கும் எந்த இடத்துக்கும் நகராட்சியின் சுகாதாரப் பிரிவு தரும் ஏற்புச் சான்றிதழ் வேண்டும். 2018-ல் வந்த ஆர் 638 விதிமுறை அப்படிச் சொல்கிறது. வாங்கியதும் கண்ணில் படும்படி மாட்டுங்கள், ஒரு படம் எடுத்து முகநூலிலும் போடுங்கள். அழகான சாப்பாட்டுப் படத்தைவிட இதற்குச் சில நேரம் அதிக மரியாதை கிடைக்கும்.

இன்னொன்று விலை. 2008-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரே பொருளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு விலை காட்டப்பட்டிருந்தால், குறைந்த விலைக்கு மேல் வாங்கக்கூடாது. போன வருட மெனுப் படம் இன்னும் முகநூலில் தொங்கிக்கொண்டிருந்தால் கல்லாவில் வாக்குவாதம் நிச்சயம். விலை ஏற்றும் நாளில் பழைய படங்களைத் தேடித்தேடி அழியுங்கள்.

3. வாட்ஸாப்பைக் கடையின் முன்வாசலாக வையுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். தென்னாப்பிரிக்காவில் மொபைல் டேட்டா மலிவில்லை. நிறையப் பேர் வாட்ஸாப்புக்கு மட்டும் என்று விற்கும் சின்ன பேக்கை வாங்கித்தான் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு உங்கள் இணையதள முகவரியை அனுப்பினால் திறக்க மாட்டார்கள். மெனுவை ஒரே படமாக, பெரிய எழுத்தில், வாட்ஸாப்பிலேயே அனுப்புங்கள்.

வாட்ஸாப் பிசினஸ் செயலி இலவசம். கடைக்கென்று தனி எண் வாங்கி அதில் போடுங்கள், சொந்த எண்ணில் வேண்டாம். மாமியார் அனுப்பும் காலை வணக்கப் படத்துக்கும் கல்யாண பிரியாணி ஆர்டருக்கும் நடுவில் ஏதாவது ஒன்று தொலையும். பிறகு இவற்றைச் செய்யுங்கள்:

- முதல் தடவை எழுதுபவருக்குத் தானாகப் போகும் வாழ்த்துச் செய்தியில் திறக்கும் நேரம், மூடும் நேரம், விடுமுறை நாள், எத்தனை நிமிடத்தில் ஆர்டர் தயாராகும் என்பது மட்டும் இருக்கட்டும். நாலு வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை.
- அடிக்கடி வரும் கேள்விகளுக்கு விரைவுப் பதில்கள் எழுதி வையுங்கள்: வண்டி எங்கே நிறுத்துவது, எதுவரை டெலிவரி, இன்று இட்லி உண்டா.
- ஒவ்வொரு உரையாடலுக்கும் லேபிள் போடுங்கள்: புது ஆர்டர், பணம் வரவில்லை, முடிந்தது. இரவு ஏழு மணிக்கு இருபது செய்தி வரிசையாக நிற்கும்போது இது காப்பாற்றும்.

பணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "பணம் போட்டுவிட்டேன், இதோ ரசீது" என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிச் சாப்பாட்டைக் கொடுக்காதீர்கள். போலி ரசீது இங்கே பழைய வித்தை. வங்கிக் கணக்கில் வந்துவிட்டதா என்று பாருங்கள். 2023-ல் வந்த பேஷாப் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற வசதி வழியாக அனுப்பச் சொன்னால் உடனே தெரிந்துவிடும், அனுப்பியவருக்கும் அவமானமில்லை.

அடுத்து, மொத்தமாகச் செய்தி அனுப்புவது. வாட்ஸாப்பின் பிராட்காஸ்ட் பட்டியலில் போடும் செய்தி, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே முதல் வேலை எண்ணைச் சேமிக்க வைப்பது. பில் கொடுக்கும்போது, "எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி, அடுத்த தடவை கிளம்பும்போதே சொல்லிவிட்டால் காத்திருக்க வேண்டாம்" என்று சொன்னால் போதும். அவருக்கு அதில் லாபம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கேட்காமல் யாரையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் (இங்கே எல்லோரும் போபியா என்பார்கள்) 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. விளம்பரச் செய்திக்குச் சம்மதம் வேண்டும், வேண்டாம் என்றால் உடனே நிறுத்தவும் வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் நூறு பேரை ஒரு குரூப்பில் கூட்டி அடைப்பது மட்டமான வேலை. எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வாரத்துக்கு ஒரு செய்தி தாராளம். அதுவும் ஏதாவது தகவலாக இருக்க வேண்டும்: "சனிக்கிழமை நண்டுக் கறி, மதியம் பன்னிரண்டுக்கு மேல்." மற்றதெல்லாம் ஸ்டேட்டஸில் போடுங்கள். பார்க்க விரும்புபவர் பார்ப்பார், 24 மணி நேரத்தில் தானாகப் போய்விடும். தண்ணீர் வரவில்லை, மின்சாரம் போய்விட்டது, இன்று கடை தாமதம் என்பதையெல்லாம் ஸ்டேட்டஸில் காலையிலேயே சொல்லிவிடுங்கள். இந்த ஊரில் இரண்டும் புதிதல்ல, யாரும் கோபிக்க மாட்டார்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து பூட்டிய கதவைப் பார்த்தால்தான் கோபிப்பார்கள்.

4. கூகுள் பக்கம்

டர்பனை ஒட்டிய கடற்கரை ஊரான உம்லாங்காவுக்கு விடுமுறைக்கு வந்த ஜோகன்னஸ்பர்க் குடும்பம் உங்களை வாட்ஸாப்பில் தேடாது, கூகுள் வரைபடத்தில்தான் தேடும். கடையைப் பதிவு செய்து உரிமையை உறுதிப்படுத்துங்கள். வரைபடக் குறி சரியான வாசலில் நிற்கிறதா என்று ஒரு தடவை வண்டி ஓட்டியே பாருங்கள். வணிக வளாகத்துக்குள் இருந்தால் எந்த வாசல் பக்கம், எந்தக் கடைக்கு அடுத்தது என்று எழுதுங்கள். பொது விடுமுறை நாட்களின் நேரத்தை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். தீபாவளி இங்கே அரசு விடுமுறை இல்லை, நீங்கள் மூடினால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

விமர்சனம் எழுதுங்கள் என்று கேட்கலாம். அதற்குப் பதிலாக ஒரு வடை தருகிறேன் என்று சொல்லக்கூடாது, கூகுள் விதிப்படி அது தவறு. சாப்பிட்டு முடித்து, "நன்றாக இருந்தது அங்கிள்" என்று ஒருவர் தானாகச் சொல்லும் நொடிதான் கேட்பதற்குச் சரியான நேரம்.

5. முகநூலும் இன்ஸ்டாகிராமும்

பெரியவர்கள் முகநூலில், பிள்ளைகள் இன்ஸ்டாகிராமிலும் டிக்டாக்கிலும். குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கே சாப்பாடு என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் முகநூல் ஆன்ட்டிதான், அதனால் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் அதைச் செய்யுங்கள். அந்தந்தப் பகுதிக்கென்று இருக்கும் முகநூல் குழுக்களில் சேருங்கள். சேர்ந்த அன்றே விளம்பரம் போடாதீர்கள், விதிகளைப் படியுங்கள். யாராவது "இங்கே நல்ல தோசை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். உங்களுக்கு முன்பே உங்கள் வாடிக்கையாளர் ஒருவர் பதில் சொல்லியிருந்தால், அவருக்கு ஒரு நன்றியோடு நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது.

படத்துக்குக் கேமரா தேவையில்லை. காலை பத்து மணிக்கு ஜன்னல் ஓரத்தில் தட்டை வையுங்கள், டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் டர்பன் கறி பழுப்பாகத் தெரியும், பகல் வெளிச்சத்தில்தான் அந்தச் சிவப்பு வரும். பன்னி சாவை மேலிருந்து எடுத்தால் வெறும் ரொட்டிதான் தெரியும். பக்கவாட்டில், மேசை மட்டத்தில் போனை வைத்து, குழம்பு ரொட்டியின் விளிம்பில் வழியத் தொடங்கும்போது எடுங்கள். ஆறவிட்டால் மேலே எண்ணெய் படிந்துவிடும், அதனால் முதல் மூன்று நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

இணையத்திலிருந்து எடுத்த படத்தைப் போடவே போடாதீர்கள். படத்தில் ஒன்று, தட்டில் இன்னொன்று என்றால் அந்தக் குடும்பம் திரும்பி வராது, நாலு பேரிடம் சொல்லவும் செய்யும். பாட்டு விஷயத்திலும் கவனம் வேண்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் வணிகக் கணக்குகளில் வீடியோ ஊமையாகிவிடலாம். தாளிக்கும் சத்தமே போதும். கடைக்குள் பாட்டுப் போடுவதற்கும் சாம்ரோ என்ற உரிமைச் சங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சமையல்காரரைக் காட்டுங்கள், அவர் சம்மதித்தால். மக்களுக்குச் சாப்பாட்டைவிடக் கைதான் ஞாபகம் இருக்கும்.

6. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு

இதுவரை சொன்னதெல்லாம் முதல் தடவை வரவைக்க. இரண்டாம் தடவைக்கு இந்த நோட்டுதான். கணினி மென்பொருள் எல்லாம் பிறகு பார்க்கலாம், 80 பக்கப் பள்ளிக்கூட நோட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம். இப்படி இருக்கும்:

"நீல வண்டி, வியாழன் ஆறு மணி. ரொட்டி 4, பீன்ஸ் கறி. ஒரு டப்பா உப்புக் குறைவு, ஆயாவுக்கு. மகன் மெட்ரிக் எழுதுகிறான். வெள்ளி சைவம்."

அடுத்த வியாழன் ஐந்தரைக்கே அந்த உப்புக் குறைந்த டப்பாவைத் தனியாக எடுத்து வைத்து, மூடியில் பேனாவால் "ஆயா" என்று எழுதி வையுங்கள். வந்தவர் கேட்பதற்கு முன்னால் நீட்டுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். எந்த விளம்பரமும் இதைச் செய்யாது. ஜனவரியில் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வரும்போது பையன் எப்படி என்று கேளுங்கள், ஆனால் முடிவு வந்த அன்றே கேட்காதீர்கள். நல்ல செய்தி என்றால் அவர்களே சொல்வார்கள்.

நோட்டில் எதை எழுதக்கூடாது என்பதும் முக்கியம். "ரத்த அழுத்தம்" என்று எழுதாதீர்கள், "உப்புக் குறைவு" என்று எழுதுங்கள். ஒருவரின் உடல்நிலை, மதம் போன்றவற்றுக்குப் போபியா சட்டம் கூடுதல் பாதுகாப்புத் தருகிறது. உங்களுக்கு வேண்டியதும் சாப்பாட்டு விவரம்தானே. நோட்டைக் கல்லாவுக்கு உள்ளே வையுங்கள், வாடிக்கையாளர் கண்ணில் படும்படி விரித்து வைக்காதீர்கள்.

வேலைக்கு இருப்பவர்கள் எல்லோரும் இந்த நோட்டைப் பார்க்கப் பழக வேண்டும். முதலாளி இருக்கும்போது ஒரு கவனிப்பு, இல்லாதபோது இன்னொன்று என்றால் வந்தவர் முதலாளிக்காக வருகிறார், கடைக்காக அல்ல. நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனால் கடை காலியாகிவிடும்.

7. குறை வந்தால்

வாட்ஸாப்பில் இப்படி ஒரு செய்தி வரும்: "மட்டன் கறியில் வெறும் எலும்புதான் இருக்கிறது. இதற்கா இவ்வளவு காசு?"

"எங்கள் கறி அப்படி இருக்காதே" என்று எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "மன்னியுங்கள் ஆன்ட்டி. நேற்று ஏழு மணி ஆர்டர்தானே? கடைசியில் பாத்திரத்தின் அடியில் எலும்புதான் தங்கியிருக்கும், நாங்கள் பார்த்துப் போட்டிருக்க வேண்டும். பணத்தைத் திருப்பி அனுப்பவா, சனிக்கிழமை புதிதாகப் போட்டுத் தரவா? உங்களுக்கு எது சௌகரியம்?"

தேர்வை அவரிடமே விடுவதுதான் இதில் விஷயம். நிறையப் பேர் பணத்தை வாங்க மாட்டார்கள், சனிக்கிழமை வருவார்கள். வரும்போது நீங்களே கையில் கொடுங்கள். அந்த நோட்டுப் பக்கத்திலும் "எலும்பு பார்த்து" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கூகுளில் எழுதப்பட்ட குறைக்குப் பொதுவில் இரண்டு வரி மட்டும் பதில், மீதியைத் தனியாகப் பேசுங்கள். அந்தப் பதிலைக் குறை சொன்னவரைவிட அடுத்து வரப்போகும் புதியவர்தான் கவனமாகப் படிப்பார்.

8. நாள்காட்டி

இங்கே வியாபாரம் இரண்டு நாள்காட்டியில் ஓடுகிறது. ஒன்று சம்பள நாள்காட்டி. 25-ம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை கை தாராளமாக இருக்கும், மட்டனும் பிரியாணியும் ஓடும். மாத நடுவுக்குப் பிறகு பருப்பு ரொட்டி, பீன்ஸ் கறி, குறைந்த விலைச் சாப்பாட்டைத்தான் ஸ்டேட்டஸில் முன்னால் போட வேண்டும்.

இன்னொன்று கோயில் நாள்காட்டி. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்கள், வெள்ளிக்கிழமை கறி தொடாதவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் புரட்டாசி. தமிழ் பேசாத வீடுகளில்கூட செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை இறைச்சி கிடையாது. செப்டம்பர் 24 பாரம்பரிய நாள் என்ற அரசு விடுமுறை, நாடே இறைச்சி சுடும் நாள், புரட்டாசிக்குள்தான் விழுகிறது. அன்று ஊர் முழுக்க ப்ராய் (நெருப்பில் சுடுவது) இறைச்சி விளம்பரமாக இருக்கும். நீங்கள் கத்தரிக்காயும் சோளமும் பன்னீரும் கரியில் சுட்டு, "தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனி எண்ணெய்" என்று படத்தோடு போடுங்கள். அந்த மூன்றும் உண்மையாக இருந்தால் மட்டும்.

9. டெலிவரி செயலிகளும் தள்ளுபடியும்

ஊபர் ஈட்ஸ், மிஸ்டர் டி போன்றவை புது ஆட்களைக் காட்டித்தரும், அதற்குக் கணிசமான கமிஷனும் எடுக்கும். வாங்கியவர் யார் என்பது உங்களுக்குத் தெரியாது, அதுதான் பெரிய நஷ்டம். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, தடையில்லை என்றால், பையில் உங்கள் வாட்ஸாப் எண் போட்ட சின்ன அட்டை வையுங்கள்.

பத்துக்கு ஒன்று இலவசம் என்ற முத்திரை அட்டை அலுவலகப் பகுதியில் மதியச் சாப்பாட்டுக்குச் சரிப்படும். குடும்பங்களுக்கு எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சளியோடு வந்தவருக்கு ஒரு கிண்ணம் ரசம், காத்திருக்கும் குழந்தைக்கு இரண்டு முறுக்கு, இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு தள்ளுபடியைவிடக் குறைவு. இதை விளம்பரமாகப் படம் பிடித்துப் போட்டால் கெட்டுப்போகும்.

10. மாதம் ஒருமுறை கணக்கு

எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு நோட்டைப் புரட்டுங்கள். இந்த மாதம் எந்தப் பக்கங்களில் புதுத் தேதி ஏறவில்லை? அவர்களுக்கு, சம்மதம் தந்தவர்களாக இருந்தால், ஒரு செய்தி போதும்: "ஆன்ட்டி, நலமா? இந்த வியாழன் பீன்ஸ் கறி போடுகிறோம், ஆயாவுக்கு ஒரு டப்பா எடுத்து வைக்கவா?" தள்ளுபடி வேண்டாம். பதில் வந்தால் எடுத்து வையுங்கள். வராவிட்டால் இரண்டாம் தடவை எழுதாதீர்கள். வீடு மாறியிருக்கலாம், வீட்டில் உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். பக்கத்தை மட்டும் கிழித்துவிட வேண்டாம், மூன்று மாதம் கழித்து வந்து நிற்பவர்கள் உண்டு.

ஒரு மாதத்தில் பத்துப் பதினைந்து பக்கங்கள் ஒன்றாக நின்றுவிட்டால் அது செய்தி அனுப்பித் தீரும் விஷயம் இல்லை. அன்று போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கறியை ருசி பாருங்கள். மசாலா வாங்கும் இடத்தை யாராவது மாற்றியிருப்பார்கள்.